பயத்தோடயே போ, புள்ள

(பாடசாலையின் நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியர் ஒன்றுகூடலின்போது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சங்கத்தின் செயலாளர் எங்களிடம் கேட்டது இதுதான். "டொக்டர், பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வருகிற மாதிரி இருபது நிமிசம் பேசுங்கள்." ஓம் என்று சொல்லிவிட்டோம். அன்று இரவு நித்திரை வரவில்லை. நாற்பது வயதைத் தாண்டி, நாளொன்றுக்கு எழுபது எண்பது நோயாளிகளைப் பார்க்கிற எங்களுக்கு, படித்த பாடசாலையின் மேடையில் நிற்கப் பயம். ஆகவே பயமே இல்லாதவர்களைப் பற்றி இன்று பேசப்போவதில்லை. அப்படி ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது.

இன்னுமொன்று. இந்த உரை முழுக்க "நாங்கள்" என்றே வரும். பெருமைக்காக அல்ல. எங்கள் வகுப்பில் உயர்தர உயிரியல் பிரிவில் இருந்தது ஐந்து பேர். பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறியது நாலு பேர். அந்த ஐந்து பேரின் கதையைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல எங்களுக்குத் தெரியாது. ஒருத்தி அழுத இரவில் இன்னொருத்தி முழித்திருந்தாள். ஒருத்தியின் குறிப்புக் கொப்பியை நாலு பேர் பார்த்து எழுதினோம். அதனால் "நாங்கள்".

2001ஆம் ஆண்டு உயர்தரம் எடுத்தவர்கள் நாங்கள். பௌதிகவியலுக்கு ஒரு வருடம் முழுக்க ஆசிரியர் இருக்கவில்லை. சனி ஞாயிறுகளில் பாலமுனைச் சந்தியில் பஸ் ஏறி, சில மாதங்கள் அக்கரைப்பற்றுக்கும் சில மாதங்கள் கல்முனைக்கும் டியூசனுக்குப் போனோம். யுத்த காலம். பாதை திறந்திருக்குமா, சோதனைச் சாவடியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், அந்திக்கு முன் வீடு சேர முடியுமா என்று காலையில் எவராலும் சொல்ல முடியாது. வாப்பாமார் முறை வைத்துக்கொண்டு சந்தியில் காத்து நிற்பார்கள்.

ஊரிலே பேச்சும் இருந்தது. "பொம்புளப் புள்ளக்கி என்னத்துக்கு இவ்வளவு படிப்பு? படிச்சி முடிய வயசு முப்பதாகும், அதுக்குப் புறகு ஆரு கலியாணம் முடிப்பான்?" இதைச் சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. எங்கள் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மகள் பிறந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரு வளவும் வீடும் தேட வேண்டும். நெல் விற்ற காசு, கடலுக்குப் போன காசு, வெளிநாட்டில் உழைத்த காசு எல்லாம் கல்லாகவும் சீமெந்தாகவும் மாறும். ஐந்து வருடம் வெளியூரில் ஒரு மகளைப் படிப்பித்தால் அந்த வீட்டின் சுவர் எழும்பாது. எங்களில் ஒருத்தியின் உம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் அனுப்பிய காசில் வீட்டுக்கு அத்திவாரம் போட்டாயிற்று. மகளுக்கு மருத்துவ பீடம் கிடைத்தபோது, "அத்திவாரம் எங்கேயும் ஓடாது, புள்ள போகட்டும்" என்று தொலைபேசியில் சொன்னார். எட்டு வருடம் அந்த அத்திவாரத்தில் புல் முளைத்துக் கிடந்தது.

ஆக, எங்கள் பயம் "நம்மால் முடியுமா" என்பது மட்டுமல்ல. "நம்மால் முடியாமல் போனால் இவர்களுடைய காசும் மானமும் என்னாகும்" என்பதும்தான். பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது பயம்தான் பாரம். அதைப் புரிந்துகொள்ளாமல் "பயப்படாதே, துணிந்து போ" என்று சொல்வதில் பிரயோசனமில்லை.

பஸ் ஏறிய அந்த விடியற்காலையைச் சொல்லவேண்டும். ஒரு சூட்கேஸ், ஒரு தலையணை, ஆளுக்கொரு பன்பாய், ஒரு போத்தல் பொரித்த மீன். எங்களில் ஒருத்தியின் மூத்தம்மா சந்தி வரைக்கும் நடந்து வந்தார். ஒருநாளும் பள்ளிக்கூடம் போகாதவர், கையெழுத்துக்குப் பெருவிரல் வைப்பவர். பஸ் வெளிச்சம் தெரிந்ததும் நாங்கள் நாலு பேரும் அழத் தொடங்கிவிட்டோம். "மூத்தம்மா, பயமா இரிக்கி" என்றோம். அவர் சொன்னார்:

"பயமாத்தான் இரிக்கும். பயம் போனாப் புறகு போறண்டா ஆரும் எங்கயும் போகேலா. பயத்தோடயே போ, புள்ள."

பயத்தைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த முதல் பாடம் அது. பின்னர் மருத்துவப் புத்தகங்களில் படித்ததும் ஏறக்குறைய அதுதான். அதைப் பிறகு சொல்கிறோம்.

பல்கலைக்கழகத்தில் எங்களுக்காகக் காத்திருந்த பயத்துக்கு ஒரு பெயர் இருந்தது. "கோட்டா." முதல் வாரத்திலேயே ஒருவர் சிரித்துக்கொண்டு கேட்டார், "எந்த மாவட்டம்? அம்பாறையா? அப்ப கோட்டாவிலதான் வந்திருப்பீங்க." அவர் கேட்டது ஒரு தரம். எங்களுக்குள் அது ஆயிரம் தரம் கேட்டது. விரிவுரை மண்டபத்தில் கை உயர்த்தப் போனால் கேட்கும். பரீட்சைத்தாளைத் திருப்பினால் கேட்கும்.

தங்கச்சிமார் இதைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். நாளைக்கு உங்களையும் இப்படிக் கேட்பார்கள். நம் நாட்டில் மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கு அனுமதி கொடுக்கும்போது இடங்களில் 40 வீதம் நாடு தழுவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்த 16 மாவட்டங்களில் அம்பாறையும் ஒன்று. எங்கள் காலத்தில்தான் இசட் புள்ளி முறை புதிதாக வந்தது. பல்கலைக்கழக அனுமதியின் பழைய வரலாற்றில், 1970களின் தரப்படுத்தலில், காயப்பட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வேதனையை நாம் சிறிதாக எண்ணக்கூடாது. ஆனால் ஆய்வுகூடமும் நூலகமும் எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியரும் உள்ள பாடசாலையில் படித்த பிள்ளையையும், பௌதிகவியலுக்கு ஆசிரியரே இல்லாமல் பஸ்ஸில் திரிந்து படித்த பிள்ளையையும் ஒரே கோலால் அளக்க முடியாது என்பதும் உண்மைதானே.

எங்களுக்கு இது விளங்க இரண்டு வருடம் எடுத்தது. கோட்டா வாசற்கதவைத்தான் திறந்துவிடும். உள்ளே போனபின் கோட்டா கிடையாது. கொழும்புப் பிள்ளைக்கு வந்த அதே வினாத்தாள்தான் பாலமுனைப் பிள்ளைக்கும் வரும். சித்திப் புள்ளி எல்லோருக்கும் ஒன்றுதான். வாய்மொழிப் பரீட்சையில் பேராசிரியர் மாவட்டம் கேட்பதில்லை. இறுதிப் பரீட்சை முடிந்தபின் உள்ளகப் பயிற்சிக்கு வைத்தியசாலை கொடுப்பதுகூட நாடு முழுவதற்குமான ஒரே தரவரிசைப்படிதான். அந்தப் பட்டியலில் மாவட்டத்துக்கென்று ஒரு நிரல் இல்லை. இதை முதல் நாளே யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் எத்தனையோ இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்போம். அதனால்தான் உங்களுக்கு இன்று சொல்கிறோம்.

அடுத்தது ஆங்கிலம். உயர்தரம் வரை எல்லாம் தமிழில் படித்தோம். இதயத்தின் சோணையறையும் இதயவறையும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். இரத்தம் எந்த வால்வு வழியாக எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு படம் கீறுவோம். விரிவுரையாளர் "ஏட்ரியம்", "வென்ட்ரிக்கிள்" என்று சொல்லத் தொடங்கியவுடன் ஒன்றும் தெரியாதவர்களாகிவிட்டோம். முதல் தவணையில் ஆங்கில விரிவுரையைத் தமிழ் எழுத்தில் எழுதினோம். இரவில் நாலு பேரும் கொப்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒருத்தி கேட்காத சொல்லை இன்னொருத்தி நிரப்பி, அகராதி பார்த்து ஆங்கிலத்துக்கு மாற்றுவோம். ஒரு மணித்தியால விரிவுரைக்கு மூன்று மணித்தியாலம் போகும்.

அந்த இரவுகளில் ஒருநாள் எங்களில் ஒருத்தி சொன்னாள், "இந்தா பார், இது சோணையறைதானே! நமக்குத் தெரிஞ்ச சாமான்தான், பேரத்தான் மாத்தி வெச்சிரிக்காங்க." எல்லோரும் சிரித்தோம். அறிவு எங்களிடம் இருந்தது, அதன் ஆங்கிலப் பெயர்தான் இருக்கவில்லை. பெயரைப் பாடமாக்கலாம். ஆனால் பெயர் தெரியாததை மூளை இல்லாததாக எண்ணிக்கொண்டோமே, அதுதான் எங்களுக்கு ஆகக்கூடிய நட்டத்தைத் தந்தது.

இவ்வளவு சொல்லியும் கதை நேராகப் போகவில்லை. 2004ஆம் ஆண்டின் கடைசியில், உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனவியல் ஆகிய பாடங்களுக்கான இரண்டாம் கட்டப் பரீட்சையின் பெறுபேறு வந்தது. நாலு பேரில் மூன்று பேர் சித்தி. ஒருத்தி பெயில். யார் என்று தேட வேண்டாம். இப்போது ஒலிவாங்கியின் முன்னால் நின்று உங்களுக்குத் தன்னம்பிக்கை பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிற ஆள்தான்.

அந்தக் காலத்தில் நாங்கள் வீட்டுக்கு வந்தது விடுமுறைக்கு அல்ல. படிப்பை விட்டுவிடுவது என்ற முடிவோடு. வாப்பா ஒன்றும் கேட்கவில்லை. உம்மா சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தார். திரும்பிப் போகமாட்டோம் என்று வீட்டில் சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் டிசம்பர் 26 வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நாங்கள் விபரிக்கத் தேவையில்லை. உங்களில் பலர் எங்களைவிட அதிகம் இழந்தவர்கள். இலங்கையில் ஆழிப்பேரலையால் ஆகக்கூடுதலான உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் தெருத் தெருவாகப் போயிற்று. மறுநாள் எங்கள் நாலு பேரையும் ஒரு வேனில் ஏற்றி, அகதிகள் தங்கியிருந்த ஒரு பாடசாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரேயொரு வைத்தியர். எங்களைப் பார்த்ததும், "என்ன வருசம்?" என்றார். "ரெண்டாம் வருசம் சேர், ஒண்டும் தெரியாது" என்றோம். "சவர்க்காரத்தால கை கழுவத் தெரியுமா? எழுதத் தெரியுமா? காணும்" என்றார்.

மூன்று நாள் அதைத்தான் செய்தோம். காயத்திலிருந்து மண்ணும் சேறும் போகும்வரை சுத்தமான தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். அழுக்கு நீரில் பட்ட காயத்தை உடனே தைக்கக்கூடாது, திறந்து வைத்துச் சுத்தமானபின் தைக்க வேண்டும் என்று அங்கேதான் கற்றோம். ஏற்பு ஊசி போட்டவர், போடாதவர் என்று பெயர் எழுதினோம். தேடி வருபவர்களுக்கு அந்தப் பெயர்களை வாசித்துக் காட்டினோம்.

இரண்டாம் நாள் ஒரு தாயின் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தவர், "இவ டொக்டருக்குப் படிக்கிற புள்ள" என்று அவரிடம் சொன்னார். எங்களுக்குத் தாங்கவில்லை. "இல்ல உம்மா, நான் சோதினையில பெயில். இனிப் போகமாட்டன்" என்று சொல்லிவிட்டோம். அந்தத் தாய் கொஞ்ச நேரம் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "அது திரும்ப எழுதலாந்தானே மகள்."

அவருக்குத் திரும்பக் கிடைக்காதது என்ன என்று பெயர்ப் பட்டியலில் நாங்கள்தான் எழுதியிருந்தோம். இரண்டு பிள்ளைகள்.

2005இல் அந்தப் பரீட்சையைத் திரும்ப எழுதினோம். பயம் குறைந்தா எழுதினோம் என்றால், இல்லை. பேனை பிடித்த கை நடுங்கியது. ஆனால் தோல்வி என்பது எவ்வளவு பெரியது, எவ்வளவு சிறியது என்ற அளவு எங்களுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. திரும்ப எழுதக்கூடியது எதுவும் முடிந்துபோனதல்ல.

இனி, சொன்னபடி, வைத்தியராகக் கொஞ்சம் பேசுகிறோம்.

பயம் ஒரு நோயல்ல. அது உடம்பின் காவற்காரன். மூளைக்குள் வாதுமைக் கொட்டை அளவில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று அதற்குத் தோன்றியவுடன் உடம்புக்குத் தகவல் போகிறது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது, வயிறு கலங்குகிறது. பாம்பைக் கண்டாலும் இதுதான் நடக்கும். பரீட்சைத்தாளைக் கண்டாலும் இதுதான் நடக்கும். ஆகவே பரீட்சை மண்டபத்தில் நெஞ்சு படபடத்தால், "நமக்கு ஒன்றும் தெரியாது போல" என்று முடிவு கட்டாதீர்கள். அது உங்கள் அறிவைப் பற்றிய செய்தி அல்ல. உடம்பு வேலைக்குத் தயாராகிறது, அவ்வளவுதான். மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விட்டால் சில நிமிடங்களில் படபடப்பு இறங்கத் தொடங்கும்.

இன்னுமொரு விசயம். பயந்த இடத்தைவிட்டு ஓடினால் அந்த நேரத்துக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் அடுத்த முறை பயம் கூடிவிடும். ஏனென்றால், "ஓடியதால்தான் தப்பினோம்" என்று மூளை பதிந்துகொள்கிறது. பயந்த இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக நின்று பழகினால், ஒன்றும் நடக்கவில்லையே என்று அதே மூளை கற்றுக்கொள்கிறது. மனநல வைத்தியத்தில் பயத்துக்குக் கொடுக்கும் சிகிச்சைகளில் முக்கியமான ஒன்று இந்த அடிப்படையில் அமைந்தது. எங்கள் மூத்தம்மா அதைப் பஸ் சந்தியில் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

"நமக்குத் தகுதியில்லை, யாரோ தவறுதலாக உள்ளே விட்டுவிட்டார்கள், ஒருநாள் பிடிபடுவோம்" என்ற எண்ணத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1978இல் அமெரிக்காவில் போலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு பெண் உளவியலாளர்கள், படிப்பிலும் தொழிலிலும் சாதித்த 150க்கு மேற்பட்ட பெண்களுடன் பணியாற்றிய அனுபவத்தை எழுதினார்கள். பட்டம் பெற்ற, பாராட்டுப் பெற்ற அந்தப் பெண்கள், தங்களுக்குக் கிடைத்ததெல்லாம் அதிர்ஷ்டத்தால் அல்லது பிழையால் கிடைத்தது என்றே நம்பினார்கள். அதை வாசித்தபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அட, இது அம்பாறைக்காரிகளின் நோய் என்றல்லவா எண்ணியிருந்தோம்!

நமக்கு முன்னால் நடந்தவர்களையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். கண்டியில் சித்திலெவ்வை, 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கியவர், பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை வேண்டும் என்று 1890களில் நடத்திக் காட்டினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கப்பட்டாலும் பெண்களுக்குக் கதவு திறந்தது 1892இல்தான். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேரக் கேட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் அனுமதி கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் வைத்தியரானார். பிறகு சட்டசபையில் இருந்தார். தன் தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோனதை மறக்காமல், 1954இல் அடையாறில் புற்றுநோய் வைத்தியசாலையைத் திறக்கச் செய்தார். அப்போது அவருக்கு வயது 67.

நம் கரைக்கும் ஒரு கடன் இருக்கிறது. 1942இல், உலக யுத்த காலத்தில், ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். உணவு உற்பத்திக்காக வந்தவர், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் திறமையிருந்தும் காசில்லாமல் படிப்பை நிறுத்துவதைக் கண்டார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். அதே 1945இல்தான் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வியும் நடைமுறைக்கு வந்தது. இவை இரண்டும் இல்லாவிட்டால் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருந்திருப்போம்? நாம் தனியாக வென்றவர்கள் அல்ல. யாரோ முன்கூட்டியே நமக்காகப் பயந்து, பயத்தோடேயே ஒரு காரியத்தைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஐந்தாவது பெண்ணைப் பற்றி. அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் சொல்கிறோம். ஐந்து பேரில் விலங்கு, தாவரம் இரண்டிலும் கெட்டிக்காரி அவர்தான். பெறுபேறும் நன்றாக வந்தது. பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தை வாங்கி, அலமாரியில் வைத்து, முடிவுத் திகதி போகும்வரை நிரப்பாமல் இருந்துவிட்டார். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. "நிரப்பினால் கிடைத்துவிடுமோ என்று பயந்தேன்" என்று பல வருடங்களுக்குப் பிறகு சொன்னார். தோற்றுவிடுவோமோ என்ற பயத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கிடைத்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது, அது வெளியே தெரியாது. எங்களை இன்றுவரை உறுத்துவது, அந்த ஒரு மாதத்தில் நாங்கள் நாலு பேரும் எங்கள் படிவத்தை நிரப்பினோமே தவிர, அவர் வீட்டுக்குப் போய், "உன்னுடையது எங்கே?" என்று கேட்கவில்லை.

அவருடைய கதை அத்தோடு முடியவில்லை. மூன்று பிள்ளைகளுக்கு உம்மாவான பின், முப்பத்துநாலாவது வயதில் வெளிவாரியாகப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். பிள்ளைகள் தூங்கியபின் குசினியில் இருந்து படித்தார். இன்று ஓர் ஆசிரியை. அவர் வகுப்பில் உயர்தரப் பெறுபேறு வந்ததும் முதல் வேலை, ஒவ்வொரு பிள்ளையும் படிவம் நிரப்பிவிட்டதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது. டொக்டர்மார் நாங்கள் நாலு பேரும் செய்ததைவிட இந்த ஊருக்கு அவர் செய்கிற வேலை பெரிது என்பது எங்கள் அபிப்பிராயம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கனவு என்றால் டொக்டர் மட்டுமல்ல. உயிரியலில் விருப்பமில்லாத பிள்ளையை மூன்று தரம் உயர்தரம் எழுதவைத்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டபின் எங்களிடம் கூட்டி வருகிறீர்கள். பிள்ளைக்கு வாய் திறக்கப் பயம். அது அவள் கனவா, உங்கள் கனவா என்று தயவுசெய்து கேளுங்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1996 முதல் நம் வாசலிலேயே இருக்கிறது. தாதியர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், கணக்காளர், சட்டத்தரணி, தையல் தொழிலை நிறுவனமாக வளர்ப்பவர், எழுத்தாளர் எல்லோரும் நமக்குத் தேவை. எல்லாப் பயத்தையும் மீற வேண்டும் என்றும் இல்லை. சில பயம் புத்தி சொல்லும். கடல் கொந்தளிக்கிறபோது தோணியை இறக்காதவன் கோழையல்ல. "இதில் உண்மையான ஆபத்து என்ன, நாம் கற்பனை செய்வது என்ன" என்று ஒரு தாளில் இரண்டு நிரலாக எழுதிப் பாருங்கள். பிரித்து எழுதினால் பாதி வெளிச்சமாகிவிடும்.

பயம் வாரக்கணக்கில் நீடித்து, நித்திரை போய், சாப்பாடு இறங்காமல், வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அது தன்னம்பிக்கைப் பேச்சால் தீரும் விசயமல்ல. வைத்தியரிடம் வாருங்கள். வெட்கமாக இருந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்குப் பேசுங்கள். மனநல வைத்தியம் எடுத்தால் கலியாணம் நடக்காது என்று மறைத்து, காலம் கடந்தபின் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

கடைசியாகப் பழைய மாணவியரான நமக்கு. நூற்றாண்டு விழாவுக்கு வளைவு கட்டினோம், மலர் அச்சிட்டோம், நல்லது. நாளையிலிருந்து என்ன செய்வது? எங்கள் வேண்டுகோள் பெரிதல்ல. ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு பிள்ளையை எடுங்கள். பெறுபேறு வந்ததும் படிவம் நிரப்ப உதவுங்கள். கொழும்பிலோ கண்டியிலோ வீடு இருந்தால், முதல் வாரம் அந்தப் பிள்ளையும் உம்மாவும் தங்க ஓர் அறை கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசுங்கள், பிழை விட்டால் சிரிக்காமல் கேளுங்கள். பரீட்சையில் பெயிலான பிள்ளை ஊருக்கு வந்திருந்தால், அவள் வீட்டுக்குப் போய், "நாங்களும் பெயிலானோம்" என்று சொல்லுங்கள். சித்தியடைந்த கதையை எல்லோரும் சொல்கிறோம். பெயிலான கதையைச் சொல்ல யாருமில்லாததால்தான் அந்தப் பிள்ளை உலகத்தில் தான் மட்டுமே தோற்றவள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

மூத்தம்மா இப்போது இல்லை. நாங்கள் வைத்தியராக வந்து அவருடைய இரத்த அழுத்தத்தை அளந்தபோது, "பயம் போயிட்டா புள்ள?" என்று கேட்டார். "இல்ல மூத்தம்மா" என்றோம். "அது கெடக்கட்டும், கைய நல்லாப் புடி" என்றார்.

இந்த மண்டபத்தின் பின்வரிசையில், கேள்வி கேட்க எழும்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தங்கச்சி, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எழும்புங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். நாங்கள் காத்திருக்கிறோம்.

வஸ்ஸலாம்.